கீழக்கரை பழைய துணிக்கடையும் செத்துப்போன சவுத்ஈஸ்ட் டிவிஷன் ஜெர்சிங்களும் – ரிவ்யூ

முதல்லயே சொல்லிர்றேன், இது துணிக்கடை ரிவ்யூதான், ஆனா பாதிக்கு மேல ஐஸ் ஹாக்கி வரும். ராம்நாடு டிஸ்ட்ரிக்ட்ல ஐஸ்னா மீனுக்குப் போடுறது, ஹாக்கின்னா ஸ்கூல் கிரவுண்டுல வெளையாடுறது, ரெண்டையும் சேத்து எவன்டா எழுதுறான்னு கேப்பீங்க. கடை அப்படிப்பட்ட கடைங்க, நான் என்ன செய்ய.

கடை கீழக்கரைல, வள்ளல் சீதக்காதி ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல இருக்கு. போர்டு கிடையாது. ஃபாரின் பழைய துணி பேல் பேலா வந்து இறங்கும், கட்டை அவுத்து தார்ப்பாய்ல கொட்டுவாங்க, நல்லதா தெரியிறத ஹேங்கர்ல மாட்டுவாங்க, மத்ததெல்லாம் குவியல். குவியல்ல கைய விட்டுத் தேட பொறுமை இருந்தா இந்தக் கடை உங்களுக்கு, இல்லன்னா ராமநாதபுரத்துல ஏசி போட்ட கடைக்கே போயிருங்க. ஒரே ஒரு ஃபேன், அதுவும் கல்லா பக்கமாத்தான் திரும்பி இருக்கும். பாச்சா உருண்டை நாத்தம் சட்டைல ஏறி வீடு வரைக்கும் கூட வரும்.

நான் கப்பல்ல லாண்டரி செக்ஷன்ல வேலை பாத்தவன். குரூஸ் கப்பல், ஃபுளோரிடால ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்துல இருந்து கிளம்பி கரீபியன் தீவெல்லாம் சுத்திட்டு திரும்ப அங்கயே வந்து நிக்கும். குரூ மெஸ்ல, அதாவது கப்பல்ல வேலை பாக்குறவங்க சாப்பிடுற எடத்துல, டிவில என்ன ஓடுதோ அதத்தான் பாக்கணும், ரிமோட் நம்ம கைல இருக்காது. அப்படிப் பழகினதுதான் ஐஸ் ஹாக்கி. பக்கத்துல சன்ரைஸ்னு ஒரு ஊரு, அங்கதான் ஃபுளோரிடா பாந்தர்ஸ் டீமோட ஸ்டேடியம். வெளில நம்ம சித்திரை மாச வெயில் மாதிரி கொளுத்தும், உள்ள ஐஸ் மேல சறுக்கி வெளையாடுவானுங்க. அதனால துணியும் தெரியும், ஆட்டமும் கொஞ்சம் தெரியும், இந்த ரிவ்யூ எழுத அந்தத் தகுதி போதும்னு நெனைக்கிறேன்.

இந்தக் கடைல என்ன விசேஷம்னா, குவியல்ல ஐஸ் ஹாக்கி ஜெர்சி வருது, அதுவும் நான் பாத்த வரைக்கும் முக்காவாசி ஒரே டிவிஷன் டீம்களோடது. என்ஹெச்எல்னா அமெரிக்கா, கனடா டீமுங்க ஆடுற பெரிய ஐஸ் ஹாக்கி லீக், டீமுங்கள டிவிஷன் டிவிஷனா பிரிச்சிருப்பாங்க, அதுல இப்ப இல்லாத சவுத்ஈஸ்ட் டிவிஷன். ஏன் இதுவா வருதுன்னு கடைக்கார காக்காட்ட (எங்க பக்கம் அண்ணன காக்கான்னு கூப்பிடுவோம்) கேட்டேன், "எனக்கென்ன தம்பி தெரியும், பேல் எப்படி வருதோ அப்படித்தான்"னு சொல்லிட்டாரு. என் கணிப்பு, ஊர விட்டுப்போன டீம், லோகோ மாத்துன டீம், அதுங்க பழைய சட்டைய அங்க யாரும் போட மாட்டாங்க, கழிச்சு கட்டினது சுத்தி சுத்தி இங்க வருது.

தெரியாதவங்களுக்கு கதை. 1998-99 சீசன்ல நாஷ்வில் புதுசா சேந்தப்ப என்ஹெச்எல் இருந்த நாலு டிவிஷனப் பிரிச்சு ஆறாக்குச்சு. அதுல ஒண்ணுதான் சவுத்ஈஸ்ட். கரோலைனா ஹரிகேன்ஸ், ஃபுளோரிடா பாந்தர்ஸ், டாம்பா பே லைட்னிங், வாஷிங்டன் கேபிடல்ஸ், இந்த நாலோட ஆரம்பிச்சு அடுத்த வருசம் அட்லாண்டா த்ராஷர்ஸ் புது டீமா வந்து அஞ்சாச்சு. 2013 வரைக்கும் ஓடுச்சு. வாஷிங்டன விட்டா எல்லாம் பனியே சரியாப் பாக்காத தெக்கத்தி ஊருங்க. கனடாக்காரன், வடக்கத்தி அமெரிக்காக்காரன் எல்லாம் இத மட்டமாத்தான் பேசுவான், சவுத்லீஸ்ட்னு கிண்டல் பேரு வேற (லீஸ்ட்னா இருக்கறதுலயே மட்டம்). குரூ மெஸ்லயும் அதே கிண்டல்தான், கனடாக்காரன் ஒருத்தன் பாந்தர்ஸ் மேட்ச் வந்தாலே எழுந்து போயிருவான்.

சரி ஜெர்சிக்கு வர்றேன்.

முதல்ல ஹரிகேன்ஸ். சிவப்பு, நல்ல கனமான மெஷ் துணி, மார்புல புயல் சுத்துற மாதிரி வட்டம். இதுல நான் அசந்து நின்ன இடம் கீழ் பார்டர். சிவப்பு சதுரத்துக்குள்ள கருப்பு சதுரம், வரிசையா ஓடும். டிசைனுக்காகப் போட்டதில்ல அது, அமெரிக்காக் கரைல புயல் வருதுன்னா ஏத்துற எச்சரிக்கைக் கொடி, அதே ரெண்டு சதுரக் கொடிதான். நம்ம பாம்பன் துறைமுகத்துல கூண்டு ஏத்துற மாதிரி. மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு, கடலுக்குப் போகாதன்னு சொன்னா நம்மாளுக்கு எப்படி வயிறு கலங்கும், அத ஒருத்தன் இடுப்பச் சுத்தி தச்சுப் போட்டுக்கிட்டு வெளையாட வர்றான். 64 புயல்ல தனுஷ்கோடியே போன கதை கேட்டு வளந்தவனுக்கு இந்த சட்டையக் கீழ போட மனசு வருமா. எடுத்துட்டேன்.

இந்த டீம் மொதல்ல ஹார்ட்ஃபோர்ட்ல இருந்துச்சு, 1997ல கரோலைனா வந்துச்சு, வந்தா ராலே ஊர்ல ஸ்டேடியமே கட்டி முடியல, ரெண்டு சீசன் கிரீன்ஸ்பரோன்னு வேற ஊர்ல போய் ஆடினாங்க. பாதி சீட் காலி. அந்தக் கூத்துக்கு நடுவுலதான் சவுத்ஈஸ்ட்டோட மொத சீசன்ல டிவிஷன ஜெயிச்சாங்க, வெறும் 86 பாயிண்ட்ல. 2002ல 91 பாயிண்ட். டிவிஷன் ஜெயிச்சா கான்ஃபரன்ஸ்ல (லீக்ல பாதி, மூணு டிவிஷன் சேந்தது) மேல் மூணு இடத்துல ஒண்ணு நிச்சயம்னு அப்ப ரூல், அதனால அவங்களவிட அதிக பாயிண்ட் எடுத்த டீமெல்லாம் கீழ நிக்க இவங்க மூணாவதா நின்னாங்க. ஓசில வந்துட்டானுங்கன்னு பேசினாங்க. அப்பறம் பாத்தா நியூ ஜெர்சி, மான்ட்ரியல், டொரான்டோன்னு ஒவ்வொண்ணா சாச்சுட்டு ஃபைனலுக்கே போயிட்டானுங்க. டெட்ராய்ட்டுகிட்ட 4-1ல தோத்தது வேற விசயம். 2006ல லீக்கோட சாம்பியன் கப்பான ஸ்டான்லி கப்பே வாங்கினாங்க, எட்மன்டன் ஆயிலர்ஸோட ஏழு மேட்ச், கரோலைனா 3-1 முன்னிலைல இருக்க எட்மன்டன் ஏறி வந்து சமமாக்கி, ஏழாவதுல 3-1னு கரோலைனா ஜெயிச்சது. கோல் கீப்பர் கேம் வார்டு, மொத வருசப் பையன், அவனுக்குத்தான் பிளேஆஃப்ஸ் (சீசன் முடிஞ்சு கப்புக்காக ஆடுற ரவுண்டுங்க) சிறந்த ஆட்டக்காரன் அவார்டு. கேப்டன் ராட் பிரிண்டமோர்தான் 2018ல இருந்து அதே டீமுக்கு கோச். ஆனா கப் வாங்கின அடுத்த சீசனே பிளேஆஃப்புக்குக் கூட வரல, அந்த டிவிஷன்ல எதையும் நம்ப முடியாது.

விலை சொல்லணும்ல. காக்கா விலை வைக்கிற முறை தனி. அவருக்கு இதெல்லாம் "பந்து பனியன்". பிரிண்ட் போட்டதுன்னா 150, எழுத்து தச்சிருந்தா 300, எம்பிராய்டரி பேட்ஜ் இருந்தா 400. எந்த டீம், எந்த பிளேயர், எதுவும் கணக்கில்ல. "நூல் எவ்வளவு ஏறிருக்கோ அவ்வளவு காசு தம்பி"ன்னாரு. துபாய்ல துணி யாவாரம் பாத்தவராம், லாண்டரிக்காரனா நான் அத ஒத்துக்கிறேன், ஹாக்கி பாத்தவனா வயிறு எரியுது. நமக்கு லாபம்தான், ஆனா நல்ல சட்டைங்க மழைக்கு ஒதுங்கின மாதிரி மூலைல கிடக்கறதப் பாக்க சகிக்கல.

அடுத்து டாம்பா பே. கருப்புச் சட்டை, மின்னல் லோகோ, 2011ல நீலத்துக்கு மாறுறதுக்கு முந்தினது. துணி சுமார், கக்கத்துல தையல் விட்டிருந்துச்சு, பேட்ஜ் ஓரம் பெயந்து கிடந்துச்சு, அதுக்கும் 400ஏ கேட்டாரு, பேசிப் பேசி 250க்கு முடிச்சேன். 2004 கப் இவங்களுது, சவுத்ஈஸ்ட்டுக்கு வந்த மொத கப். ஏழாவது மேட்ச்ல கால்கரி ஃபிளேம்ஸ 2-1ல ஜெயிச்சாங்க, ரெண்டு கோலும் ஃபெடோடென்கோ. கேப்டன் ஆண்ட்ரேசக் 22 சீசன் ஆடி, கடைசில கப்பத் தொட்டாரு. மார்ட்டின் சென் லூயி, ஆளு குட்டை, டீமுங்க புதுப் பசங்களப் பொறுக்குற டிராஃப்ட்ல எவனும் எடுக்கல, அந்த வருசம் லீக்லயே அதிக பாயிண்ட் அவருதான். ஜெயிச்ச சந்தோசத்துல அடுத்த சீசன் ஆடலாம்னு பாத்தா 2004-05 முழு சீசனும் சம்பளத் தகராறுல லாக்அவுட்டு. கப்ப ரெண்டு வருசம் ஊர்லயே வச்சிருந்தாங்க, பறிக்க ஆள் இல்லாம. இது கௌரவமா சோகமான்னு மெஸ்ல அடிக்கடி சண்டை வரும்.

வாஷிங்டன் கேபிடல்ஸ் ஜெர்சிங்கதான் கடைல அதிகமா வருது, கருப்புல வெள்ளை மாளிகை மாதிரி கும்மட்டம் போட்டது ஒண்ணு (வெள்ளை மாளிகை இல்ல அது, அவங்க பார்லிமென்ட் கட்டடம், காக்கா பையன் தர்கான்னு நெனச்சு வேற ஹேங்கர்ல தனியா மாட்டி வச்சிருந்தான்), 2007க்கு அப்பறம் வந்த சிவப்பு ரீபாக் இன்னொண்ணு. ரீபாக் சட்டை இறுக்கமான துணி, வேர்வைய உறிஞ்சாது, நம்ம ஊருக்கு ஆகாது. பழைய கருப்புதான் நல்ல தையல். 14 சீசன்ல 7 தடவ டிவிஷன் இவங்களுது. பதிலுக்கு பிளேஆஃப்ஸ்ல? அந்தக் காலம் முழுக்க ரெண்டாவது ரவுண்ட தாண்டல. 2009-10ல 121 பாயிண்ட், லீக்லயே முதல், மான்ட்ரியல் எட்டாவது இடத்துல இருந்து வந்தவன், 3-1 முன்னிலைல இருந்துட்டு அவன்கிட்ட தோத்தாங்க, ஆறாவது மேட்ச்ல ஹலாக்னு ஒரு கோல் கீப்பர் 53 ஷாட்ட தடுத்தான். 2011ல அதே டிவிஷன் டாம்பாவே இவங்கள 4-0ன்னு வீட்டுக்கு அனுப்புச்சு. ஒவெச்கின் 2007-08ல 65 கோல் அடிச்சவன், அப்படிப்பட்டவன வச்சுக்கிட்டு இப்படி.

ஒவெச்கின்னு சொன்னதும் ஞாபகம் வருது, லீக்லயே மொத்தமா அதிக கோல்ங்கிற கிரெட்ஸ்கியோட ரெக்கார்ட ஒடச்சு 895வது கோல் அடிச்சது 2025 ஏப்ரல் 6. நம்ம புது பாம்பன் பாலம் தொறந்த அதே நாள். ஊரே பாலத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, நான் ராத்திரி போன்ல இத பாத்துக்கிட்டு இருந்தேன், வீட்ல திட்டு.

பாந்தர்ஸ பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, அதுதான் என் டீம், அதனாலயே சொல்லக் கஷ்டமா இருக்கு. பாயிற சிறுத்தை லோகோ, நல்ல எம்பிராய்டரி, காக்கா கணக்குல 400 நியாயம். 2000க்கு அப்பறம் 10 சீசன் தொடர்ச்சியா பிளேஆஃப்ஸ் பாக்காத டீமு. 2012ல 94 பாயிண்ட் எடுத்து டிவிஷன ஜெயிச்சானுங்க, மெஸ்ல நான் ஆடின ஆட்டம் இருக்கே. நியூ ஜெர்சிட்ட ஏழாவது மேட்ச்ல ரெண்டாவது ஓவர்டைம்ல போச்சு. விடுங்க.

இனி அட்லாண்டா த்ராஷர்ஸ். இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதுறேன்.

இளம் நீலம், ஒரு கை மட்டும் வேற நிறம், அந்தக் கைல தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் அட்லாண்டான்னு எழுத்து இறங்கி வரும். பாத்தவுடனே ரெண்டு சட்டைய வெட்டி ஒட்டினதா தோணும். மொத தடவ காக்கா இத எனக்கு 100 ரூபாய்க்கு தர்றேன்னாரு, தையல் தப்பா வந்த ரிஜெக்ட்னு நெனச்சு. இல்ல காக்கா டிசைனே அதுதான்னு சொன்னேன், ஒடனே 300 ஆக்கிட்டாரு. வாயக் கொடுத்து வாங்கினது.

1999ல வந்த டீமு. 11 சீசன் ஆடி ஒரே ஒரு தடவ பிளேஆஃப்ஸ், 2006-07ல 97 பாயிண்டோட டிவிஷன ஜெயிச்சு, நியூயார்க் ரேஞ்சர்ஸ்கிட்ட நாலுக்கு நாலும் தோத்து வெளிய. கோவல்சுக்னு ஒருத்தன், எந்த கோணத்துல இருந்து அடிச்சாலும் வலைக்குள்ள போகும், அவனையும் 2010ல நியூ ஜெர்சிக்குக் குடுத்துட்டாங்க. 2003ல அவங்க பிளேயர் டான் ஸ்னைடர் கார் விபத்துல செத்துப்போனாரு, ஓட்டினது டீம்லயே இருந்த ஹீட்லி. அந்த டீமுக்கு ஆரம்பத்துல இருந்தே நிம்மதி இல்ல. 2011 மே 31ல டீம வின்னிபெக் காரங்களுக்கு வித்தாச்சுன்னு அறிவிச்சாங்க, முடிஞ்சுது. அட்லாண்டாவுக்கு இது ரெண்டாவது தடவ, 1980ல அவங்க ஃபிளேம்ஸ் டீமும் இப்படித்தான் கால்கரிக்குப் போச்சு. ஒரே ஊருல இருந்து ரெண்டு டீமு, ரெண்டும் கனடாவுக்கு.

இதுல கூத்து என்னன்னா, வின்னிபெக் கனடாவுல இருக்கிற உறைய வைக்கிற ஊரு, அங்க போன டீமு சவுத்ஈஸ்ட் டிவிஷன்லயே ரெண்டு சீசன் இருந்துச்சு. டிவிஷன மாத்தி அமைக்கலாம்னு லீக் 2011 டிசம்பர்ல ஒரு பிளான் போட்டுச்சு, பிளேயர்ஸ் யூனியன் ஒத்துக்கல, தள்ளிப்போச்சு. அதனால ஒவ்வொரு தடவையும் பனில இருந்து கிளம்பி மயாமி பக்கம் வந்து ஆடிட்டுப் போகணும், டிவிஷன்ல மத்த எல்லா டீமும் இவங்களப் பாக்க அங்க போகணும். வின்னிபெக் ஜெட்ஸ் ஜெர்சி ஒண்ணு கடைல மாட்டிருக்கு, விமானம் லோகோ, புதுசு மாதிரியே இருக்கு, ஆனா எக்ஸ்எஸ். சின்னப் பசங்களுக்கு ஆகும், நான் விட்டுட்டு வந்தேன்.

2013ல எல்லாத்தையும் பிரிச்சுட்டாங்க. வாஷிங்டன், கரோலைனா மெட்ரோபாலிட்டனுக்கு, டாம்பா, ஃபுளோரிடா அட்லாண்டிக்குக்கு, வின்னிபெக் வெஸ்ட்ல சென்ட்ரலுக்கு. கடைசி சீசன்ல அந்த டிவிஷன்ல இருந்து வாஷிங்டன் ஒண்ணு மட்டும்தான் பிளேஆஃப்ஸ் போச்சு, அதுவும் முதல் ரவுண்டோட சரி. அப்ப கிண்டல் பண்ணினவன் பண்ணினதுதான். ஆனா அப்பறம் என்ன ஆச்சுன்னு பாருங்க: 2018 வாஷிங்டன், 2020, 2021 டாம்பா, 2024, 2025 ஃபுளோரிடா. 2018ல இருந்து 2025 வரைக்கும் எட்டு கப்புல அஞ்சு பழைய சவுத்ஈஸ்ட் டீமுங்க வாங்கினது. சூடான ஊர்ல ஐஸ் ஹாக்கி நிக்காதுன்னு சொன்ன வாயெல்லாம் எங்க போச்சோ. அட்லாண்டா நிக்கலைங்கிறது உண்மைதான், அத மறைக்கல, ஆனா அதுக்கு வெயில் காரணமில்ல, முதலாளிங்க அவங்களுக்குள்ளயே கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சதுதான் பெரிய காரணம்.

இப்ப வாங்கப் போறவங்களுக்கு லாண்டரிக்காரன் சொல்றது. சட்டைய உள்பக்கம் திருப்புங்க, முதுகுப்பக்கம் கீழ ஒரு பட்டி தொங்குதான்னு பாருங்க. சண்டைல சட்டையத் தலைக்கு மேல இழுத்துரக் கூடாதுன்னு கால்சட்டையோட சேத்து மாட்டுற பட்டி அது, பிளேயர் சட்டைல இருக்கும், கடைல ரசிகருக்கு விக்கிற சாதா ரகத்துல பெரும்பாலும் இருக்காது. அது இருந்தா விலை பேசாம எடுங்க. நம்பர் தச்ச துணியா, ஒட்டினதான்னு நகத்தால ஓரத்த லேசா தூக்கிப் பாருங்க. சைஸ் 52, 54னு போட்டிருக்கும், உள்ள பேடு மாட்டுறதுக்காகப் பெருசா தைக்கிறது, நீங்க எல் போடுறவர்னா 46 போதும். வெந்நீர் வேணாம், பிரிண்ட் மேல நேரா அயன் பாக்ஸ் வைக்காதீங்க, பாச்சா உருண்டை வாடை போக நிழல்ல காத்தோட்டமா ரெண்டு நாள் தொங்க விடுங்க, வெயில்ல போட்டா நீலம் வெளுத்துரும்.

பகல்ல போட்டுத் திரிய முடியாது, பாலியஸ்டர், வெந்துருவீங்க. ஆனா ராத்திரி கடலுக்குப் போறவங்களுக்கு அருமையான துணி. நம்ம பக்கம் கணவா தூண்டிலுக்குப் போற மாப்ள ஒருத்தனுக்கு டாம்பா சட்டையக் குடுத்தேன், முழுக்கை, குளிர்காத்து அடிக்காது, உப்புத்தண்ணி பட்டா உதறினாலே காஞ்சுருது, மார்கழி முழுக்க அதத்தான் போட்டான். "இன்னொண்ணு இருந்தா வாங்கிட்டு வா மச்சான், ஆனா இந்த மின்னல் படம் வேணாம், கடல்ல பாக்கறதே போதும்"னான்.

கடையோட குறை: ட்ரயல் ரூம் இல்ல, ஒரு திரை இருக்கு அதுவும் பாதி. வாங்கினா வாங்கினதுதான், மாத்தித் தர மாட்டாங்க, வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க. சட்டைகள டீம் வாரியா பிரிச்சு மாட்டித் தாங்க காக்கான்னு கேட்டேன், நான் வேணா வந்து அடுக்கித் தர்றேன்னும் சொன்னேன், "அடுக்கினா எவனும் வாங்க மாட்டான் தம்பி, கிளறினாத்தான் சனத்துக்கு சந்தோசம்"னு முடிச்சுட்டாரு. பில் கிடையாது. குடிக்கத் தண்ணி கேட்டா தருவாங்க, நோம்பு மாசம் தவிர டீயும் வரும்.

அஞ்சுக்கு மூணரை. ஜிபே உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு பூட்டிருவாங்க, அசருக்கு அப்பறம் தொறப்பாங்க. புது பேல் எப்ப அவுக்கிறாங்கன்னு பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவான், அன்னைக்கு காலைலயே போயிருங்க, மத்தியானத்துக்கு மேல போனா குழந்தை ஸ்வெட்டர்தான் மிஞ்சும். ஹரிகேன்ஸ் எக்ஸ்எல் ஒண்ணு வந்தா எனக்கு விட்டு வைங்கப்பா.